வட்டச்செவியும் பிறைச்செவியும்

வட்டச்செவித் தேனுண்ணியையும் பிறைச்செவித் தேனுண்ணியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, இதில் எது எது என்று கேட்டால், பெற்ற தாயே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லும். இரண்டும் ஒரே பாசிப்பச்சை. இரண்டும் ஒரே எடை. இரண்டுக்கும் காதோரம் மஞ்சளாக ஒரு பொட்டு. ஒன்றுக்கு அது வட்டம், இன்னொன்றுக்குப் பிறை. இறகு நனைந்துவிட்டால் வட்டமாவது பிறையாவது, இரண்டும் மஞ்சள் பூசினாற்போல ஒன்றாகிவிடும். நம் ஊர்த் தேன்சிட்டு மாதிரி பூவில் தேன் குடிக்கும் பறவைகள்தான். ஆனால் குடும்பம் வேறு. தென்கடல் ஒன்றியம் என்கிற நாட்டின் மழைக்காடுகளைத் தாண்டி எங்கேயும் கிடையாது.

டாக்டர் செண்பகவல்லி அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வாள். கண்ணைத் திறந்தால் அவளுக்கும் தடுமாற்றம்தான், அதை அவள் வெளியே சொல்வதில்லை. வட்டச்செவி கூவினால் அடுப்பில் குக்கர் வெயிட் ஆடுகிற மாதிரி இருக்கும். பிறைச்செவி, வேலையில்லாதவன் பேனாவைத் தட்டிக்கொண்டிருப்பது போல டிக், டிக் என்னும். ஆனால் காட்டுக்குள் நூறு பறவை ஒரே நேரத்தில் கத்தும்போது குக்கரும் தெரியாது, பேனாவும் தெரியாது. அதற்காக அவள் செய்த கருவிதான் செவிமானி. சோப்பு டப்பா அளவு. மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் எத்தனை வட்டம், எத்தனை பிறை என்று எண்ணிச் சொல்லிவிடும்.

அதன் சூட்சுமம் இதுதான். செவிமானி கூவலைக் கேட்பதில்லை. ஒரு கூவலுக்கும் அடுத்த கூவலுக்கும் நடுவே பறவை மூச்சு வாங்குகிறதே, அந்த இடைவெளியைக் கேட்கும். கூட்டில் கிடக்கும் முதல் நாற்பது நாளில் தாயிடம் கேட்டுப் படிகிற அந்த இடைவெளி, சாகும்வரை மாறாது என்பது செண்பகவல்லியின் கண்டுபிடிப்பு. "குரலை மாற்றலாம், மூச்சை மாற்ற முடியாது" என்று எல்லா மேடையிலும் சொல்வாள். கைதட்டல் விழும். கோவில்பட்டியில் பிறந்து, பதினெட்டு வருடம் அந்தக் காடுகளில் அட்டைக்கடியிலும் மழையிலும் கிடந்து கண்டுபிடித்ததாயிற்றே, கைதட்டினால் என்ன தப்பு?

மூன்று வருடத்துக்கு முன், அந்த நாட்டில் குடியேற வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் பார்க்கிற வதிவிட வாரியத்துக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். இலங்கையின் வடக்குக் கரையில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, அந்தக் கரையில் பிறந்தவர்களுக்குக் குடியிருக்க இடம் தருவதாகத் தென்கடல் ஒன்றியம் ஒப்பந்தம் போட்டிருந்தது. வீடு போன இடத்துக்கே பிறப்புச் சான்றிதழும் போயிருந்தது. யார் அந்தக் கரை, யார் எதிர்க்கரையான இராமநாதபுரத்துக்காரர் என்று பிரிக்க வழியில்லை. பேச்சை வைத்துச் செவிமானி பிரிக்குமா என்று கேட்டார்கள். "மனுசன் தொண்டையும் தொண்டைதானே, தாராளமா வச்சுக்கோங்க" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கையெழுத்து ஒரு திங்கட்கிழமை காலையில், கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, பறவைக் கூண்டுகளுக்கு நடுவே நடந்து வந்தது.

"டொக்டர் செண்பகவல்லி நீங்கதானே? நான் ரெஜினோல்ட், லோயர். மன்னார் ஆள். உங்கட மெஷினோட எனக்கு ஒரு வழக்கு இருக்கு."

"மெஷினோட வழக்கா? அது கோர்ட்டுக்கு நடந்து வராதே." செண்பகவல்லி கையிலிருந்த தேன் தண்ணீர்க் குப்பியைக் கூண்டில் மாட்டிவிட்டுத் திரும்பினாள். "என்ன விசயம், சொல்லுங்க."

"தவமலர் எண்டு ஒரு ஆள். முல்லைத்தீவு. புருசன், ஒரு பொம்பிளைப்பிள்ளை. ஒரே வீட்டில ஒரே பானையில சாப்பிட்ட மூண்டு பேர். உங்கட மெஷின் ரெண்டு பேரை இலங்கை எண்டு சொல்லிப்போட்டுது. தவமலரை மட்டும் இராமநாதபுரம் எண்டுது. தொண்ணூற்றேழு வீதம் நிச்சயமாம்."

"அப்போ அந்தம்மா இராமநாதபுரம்தான்."

ரெஜினோல்ட் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். "வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. சனிக்கிழமை கப்பல். இராமநாதபுரம் கரையில இறக்கி விடுவினம். அங்க அவவுக்கு ஒருத்தரும் இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பிள்ளைக்கு ஒன்பது வயசு. பிள்ளை இஞ்ச நிக்கும், தாய் அங்க."

செண்பகவல்லி துணியில் கையைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"நான் நேர்ல வந்து பேசிப் பாக்கேன். ஆனா ஒண்ணு. அவங்க பொய் சொல்லுதாங்கன்னு தெரிஞ்சா அதையும் வெள்ளிக்கிழமை நானே வந்து சொல்லுவேன். சம்மதமா?"

"ஓம். அதுக்குத்தான் உங்களிட்டயே வந்தனான்."

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, வாரியத்தின் தடுப்பு விடுதியில் ஒரு வெளிச்சமான அறையில் தவமலரைப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. நீலப் பூப்போட்ட உடுப்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய கூந்தல். ரெஜினோல்ட் ஏதோ படிவம் வாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தான்.

"வணக்கம். நான் செண்பகவல்லி. கோவில்பட்டிப் பக்கம்."

தவமலர் எழுந்து நின்றாள். "வாங்கம்மா, உக்காருங்க. ரொம்ப தூரத்துலருந்து வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. சாப்பிட்டீங்களா? இங்க டீ நல்லா இருக்கும், வரச் சொல்லட்டுமா?"

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பேச்சை அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்! இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற பெண்ணின் பேச்சு. இழுவை அதே, ஏற்ற இறக்கம் அதே, மூச்சு வாங்குகிற இடமும் அதே. ஐந்து நிமிடம் பேசினாள். ஊரைக் கேட்டாள், கடலைக் கேட்டாள், பிள்ளையைக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தங்கமான பதில், ஒவ்வொன்றும் இராமநாதபுரத்துப் பதில். என் கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, இந்தப் பெண் என்னையே ஏமாற்றப் பார்க்கிறாள் என்று உள்ளுக்குள் கோபம் குமுறிக்கொண்டு வந்தது. எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ரெஜினோல்ட் வந்தான். தவமலர் அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னண்ணை, இவ எழும்பிட்டா? முகமும் சரியில்லை. இனி ஒண்டும் சரிவராதோ? பிள்ளையை விட்டுட்டு நான் எப்பிடியண்ணை போறது?"

செண்பகவல்லி அப்படியே நின்றுவிட்டாள். சொல் மாறியதுகூடப் பெரிதில்லை, சொல்லை யாரும் மாற்றலாம். மூச்சு மாறியிருந்தது. பதினெட்டு வருடம் இடைவெளிகளை மட்டுமே கேட்டுப் பழகிய காது அது, பொய் சொல்லாது. இந்தப் பெண் ரெஜினோல்டிடம் பேசும்போது சொற்களுக்கு நடுவே வேறொரு நீளத்துக்கு மூச்சு வாங்கினாள்.

"தவமலர்," என்றாள் மெதுவாக, "நீங்க என்கிட்ட ஏன் இப்படிப் பேச மாட்டேங்கீங்க?"

தவமலருக்குக் கேள்வி புரியவில்லை. "எப்படிம்மா?"

"இப்போ அவர்கிட்டப் பேசினீங்களே, அப்படி."

"நான் ஒரே மாதிரித்தானேம்மா பேசுறேன்?"

ரெஜினோல்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் காகிதமும் சான்றிதழுமாக வளர்ந்தவன். எந்த ஊருக்குப் போனாலும் மன்னார்த் தமிழ்தான், மாற்றிப் பேச வேண்டிய அவசியம் அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதனாலேயே இது அவன் கண்ணில் படாமல் போயிருந்தது.

"தங்கச்சி, சின்னனில நீங்க அக்கரையில இருந்தனீங்களெல்லே? அதை இவவுக்குச் சொல்லுங்கோ."

தவமலர் சொன்னாள். கடல் முதல் தடவை ஏறியபோது அவளுக்கு நாலு வயது. படகில் அக்கரைக்குப் போய், இராமநாதபுரம் கரையில் ஒரு முகாமில் ஒன்பது வருடம் இருந்தார்கள். முகாம் ஆட்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போகக்கூடாது. வாயைத் திறந்தால் முகாம் ஆள் என்று தெரிந்துவிடும். அவளுடைய அம்மா கடைக்குப் போவதற்கு முன் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துச் சொல்லுவாளாம், எதிரே நிற்கிறவர் பேசுகிற மாதிரியே பேசவேண்டும் என்று. பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்து ஊர் திரும்பிய பிறகு கல்யாணம், பிள்ளை, எல்லாம் முல்லைத்தீவில்தான். இரண்டாவது தடவை ஏறிய கடல் திரும்பிப் போகவில்லை.

"இங்க பரிசோதனை செஞ்சப்போ உங்ககிட்டப் பேசினது யாரு?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"ஒரு மதுரைக்கார அக்காம்மா. ரொம்ப நல்லவங்க. பயப்படாதீங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டாங்க." தவமலர் சிரித்தாள். "அவங்க கேட்டாங்க, நான் பேசினேன்."

செண்பகவல்லி அவனோடு ஆய்வகத்துக்குத் திரும்பினாள். ரெஜினோல்ட் வண்டியை நிறுத்தியதும் நேரே கூண்டுப் பக்கம் நடந்தாள். அவனும் பின்னாலேயே போனான்.

"என்ன டொக்டர், என்ன யோசிக்கிறீங்கள்?"

"ரெண்டுல ஒண்ணு. அந்தம்மா பெரிய நடிகையா இருக்கணும். இல்லைன்னா என் பதினெட்டு வருசமும் தப்பா இருக்கணும். அவங்க நடிகை இல்ல, அது எனக்கு நல்லாத் தெரியுது." அவள் ஒரு கூண்டின் முன் நின்றாள். காலில் சிவப்பு வளையம் போட்ட பறவை ஒன்று கம்பியில் உட்கார்ந்திருந்தது. "இது வட்டச்செவி. இரத்தம் எடுத்துப் பாத்து உறுதி பண்ணினது, சந்தேகமே கிடையாது. காட்டுல இதைக் கூவ வைக்க நாங்க என்ன செய்வோம் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு பறவை கண்ணுல பட்டதும், இது வட்டம் மாதிரி இருக்குன்னு ஒரு யூகம் பண்ணுவோம். வட்டத்தோட கூவலை ஸ்பீக்கர்ல போடுவோம். அது பதிலுக்குக் கூவும். பாத்தியா, வட்டம்தான்னு எழுதிக்குவோம். பிறைன்னு தோணினா பிறையோட கூவலைப் போடுவோம். எங்க தொழில்ல எல்லாரும் செய்யுறது இதுதான், நாளைக்கு வாறவனும் இதத்தான் செய்வான். நானும் செஞ்சேன், பதினெட்டு வருசம்."

ரெஜினோல்டுக்கு வக்கீல் மூளை, சட்டென்று பிடித்துக்கொண்டது. "அப்ப நீங்கள் கேள்வியிலேயே பதிலையும் சொல்லிக் குடுத்திருக்கிறீங்கள்! சாட்சியிட்ட அப்பிடிக் கேட்டால் நீதிபதி என்னைக் கோர்ட்டை விட்டே கலைச்சுப்போடுவார்."

"என்னையும் யாராவது கலைச்சிருக்கணும்." அவள் ஸ்பீக்கரை எடுத்தாள். "இந்த வட்டத்துக்கிட்டப் பிறை மாதிரிப் பேசிப் பாக்கவே எனக்குத் தோணல. ஏன் தோணும்? பைத்தியக்காரத்தனம்ல?"

பிறைச்செவியின் டிக், டிக்கைப் போட்டாள். கம்பியில் இருந்த வட்டச்செவி தலையைச் சாய்த்தது. ஒரு நிமிடம் சும்மா இருந்தது. இன்னொரு தடவை போட்டாள். பறவை தொண்டையை உப்பிக்கொண்டு, டிக், டிக் என்றது. அச்சு அசல் பிறைச்செவி.

செண்பகவல்லி செவிமானித் திரையைப் பார்த்தாள். பிறைச்செவி, தொண்ணூற்றெட்டு சதவீதம்.

"அட கடவுளே" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றும் மறுநாளும் முப்பது பறவைகளிடம் அதையே செய்தாள். ஒரே இனம் மட்டும் வாழும் காடுகளில் பிடித்தவை மாறவில்லை. ஒரே ஒரு பள்ளத்தாக்கு, அங்கே இரண்டு இனமும் ஒரே மரத்தில் தேன் குடிக்கும். அங்கே பிடித்த பன்னிரண்டில் ஒன்பது, கேட்டவர் குரலிலேயே பதில் சொன்னது, மூச்சோடு சேர்த்து. அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை வட்டம், எத்தனை பிறை என்று அவள் எழுதி அச்சான கணக்கெல்லாம் இனிக் குப்பை. அழுகை வந்தது, அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, ஆய்வகத் தலைவருக்கு இரண்டு பத்தியில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். தவறு என்னுடையது, வெள்ளிக்கிழமை வாரியத்திலும் சொல்லப்போகிறேன் என்று முடித்திருந்தாள். அனுப்பிய பிறகு மனசு லேசாகி, நன்றாகப் பசித்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் சாயங்காலம் தவமலரைப் போய்ப் பார்த்தாள். இனி என்னிடம் உங்கள் ஊர்ப் பேச்சுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முதலில் தவமலரால் முடியவில்லை. சிரிப்பு வந்தது, வெட்கம் வந்தது. பிறகு பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துபோனது. மகள் ஆரணி, சோற்றில் மீன் முள் இருந்தால் தட்டையே தள்ளிவிடுமாம். தலை பின்ன அம்மாதான் வேண்டுமாம். "தகப்பன் பின்னிவிட்டால் ரெண்டு பக்கமும் கோணல், பள்ளிக்கூடத்தில சிரிக்கினமாம்" என்று சொல்லிவிட்டுத் தவமலர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை. தலைமை உறுப்பினர் மேரியன் ஹோல்ட், அறுபது வயது, கெட்ட மனுஷி இல்லை, ஆனால் விதியைத் தாண்டி ஒரு அடி வைக்காதவர். ஓரத்தில் செவிமானி. அதற்குப் பின்னால் அதை இயக்குகிற ஆலிவர். அதே மதுரை மொழிபெயர்ப்பாளர் கோமளமும் வந்திருந்தார். எல்லோரும் ஆங்கிலத்தில் பேச, கோமளம் தவமலருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

செண்பகவல்லி எழுந்து, பறவைக் கதையைப் பத்தே நிமிடத்தில் சொல்லி முடித்தாள். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை.

"டாக்டர், உங்கள் கருவியையே நம்பாதே என்கிறீர்கள். அது உங்களுக்கு என்ன செய்யும் என்று தெரியுமா?" என்றார் ஹோல்ட்.

"தெரியும். இந்தக் கருவி பறவை யார் என்று சொல்வதில்லை. பறவை யாருக்குப் பதில் சொல்கிறது என்றுதான் சொல்கிறது. வேண்டுமானால் இப்போதே பாருங்கள்."

கோமளம் தவமலரிடம் ஐந்து நிமிடம் பேசினார். திரை, இராமநாதபுரம் தொண்ணூற்றேழு என்றது. அடுத்து ரெஜினோல்ட் பேசினான். இலங்கை வடக்குக் கரை, தொண்ணூற்றைந்து. ரெஜினோல்ட் வெற்றிப் புன்னகையோடு உட்கார்ந்தான்.

ஹோல்ட் சிரிக்கவில்லை. "நன்றி. இவரால் இரண்டு மாதிரியும் பேச முடியும் என்று இப்போது தெரிகிறது. அப்படியானால் ஒன்று உண்மை, ஒன்று வேஷம். எது வேஷம்?"

"இரண்டுமே உண்மைதான்" என்றாள் செண்பகவல்லி.

"டாக்டர், நான் பிறந்தது முதல் ஒரே மாதிரிதான் பேசுகிறேன். நேர்மையான மனிதர் ஆளுக்குத் தகுந்த மாதிரி மூச்சை மாற்றுவாரா? பயிற்சி எடுத்தவர்தான் மாற்றுவார். நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. உங்கள் சோதனை எனக்கு இருந்த சந்தேகத்தைக் கூட்டிவிட்டது." அவர் பேனாவை எடுத்தார். "பத்து நிமிடம் இடைவேளை. பிறகு என் முடிவைச் சொல்கிறேன்."

முடிவு என்னவென்று சொல்லாமலே தெரிந்தது. கோமளம் தயங்கித் தயங்கி அதைத் தமிழில் சொன்னதும், தவமலர் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை, முதுகு மட்டும் குலுங்கியது. ரெஜினோல்ட் சட்டப் புத்தகத்தை வெறித்தபடி இருந்தான். செண்பகவல்லி ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்தாள்.

"அழாதேங்கோ தவமலர். இஞ்ச பாருங்கோ, என்னைப் பாருங்கோ. ஒண்டும் முடியேல்லை. நான் இருக்கிறன்தானே? பிள்ளையை விட்டுட்டு நீங்கள் ஒரு இடமும் போக மாட்டீங்கள், நான் விட மாட்டன். கொஞ்சம் தண்ணி குடியுங்கோ. குடிச்சுப்போட்டு முகத்தைத் துடையுங்கோ. அம்மா அழுதது பிள்ளைக்குத் தெரியக்கூடாதெல்லே?"

தண்ணீரைக் குடிக்க வைத்தாள். முந்தானையாலேயே முகத்தைத் துடைத்துவிட்டாள். மதியச் சாப்பாடு, ஆரணியின் தலைப்பின்னல் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள்.

"மேடம்," என்றான் ஆலிவர் திடீரென்று. "மன்னிக்கணும், கருவியை நிறுத்த மறந்துவிட்டேன். இதில் புதிதாக ஒரு ஆள் வந்திருக்கிறார்."

"என்ன ஆள்?"

"மூன்றாவது குரல். இலங்கை வடக்குக் கரை, தொண்ணூற்று மூன்று சதவீதம். விண்ணப்பதாரர் இல்லை, வக்கீல் இல்லை." அவன் செண்பகவல்லியைப் பார்த்தான். "டாக்டர்தான்."

 செண்பகவல்லிக்கு முகம் சூடேறியது. நானா? நான் எப்போது அப்படிப் பேசினேன்? சற்று முன் என்ன சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தாள். சொன்னது நினைவிருந்தது, எப்படிச் சொன்னாள் என்பது நினைவில்லை.

ஹோல்ட் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், நீங்கள் பிறந்த ஊர்?"

"கோவில்பட்டி. இந்தியா."

"அந்தத் தீவில் இருந்திருக்கிறீர்களா?"

"படத்தில்தான் பார்த்திருக்கிறேன்."

"இப்படிப் பேச எங்கே பயிற்சி எடுத்தீர்கள்?"

"எங்கேயும் இல்லை. இரண்டு நாள் சாயங்காலம் இவரோடு உட்கார்ந்து பேசினேன், அவ்வளவுதான்."

"இப்போது இவரிடம் பேசியது வேஷமா?"

செண்பகவல்லிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வேஷமா? அவர் அழுதுகொண்டிருந்தார், மேடம்! பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் போனால் இப்படித்தான் வரும்போலிருக்கிறது. என் பறவைகளுக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. சட்டப்படி என்னை நாளைக்குக் கப்பலேற்றி இலங்கைக்கு அனுப்பவேண்டும் என்றால் அனுப்புங்கள். ஆனால் எங்கள் இருவரில் யார் பொய் சொன்னோம் என்று முதலில் இந்த டப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கள்."

ஹோல்ட் பேனாவைக் கீழே வைத்தார். நீண்ட நேரம் தவமலரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். செண்பகவல்லியின் நனைந்த முந்தானையைப் பார்த்தார்.

"ஆலிவர், அதை அணைத்துவிடு" என்றார். பிறகு தீர்ப்புச் சொல்லும் குரலில் நிதானமாகச் சொன்னார். "விண்ணப்பதாரருக்கு எதிராக இருந்த ஒரே சாட்சி இந்தக் கருவி. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அவருடைய வாக்குமூலமும் கணவரின் வாக்குமூலமும். இரண்டும் ஒத்துப்போகின்றன. விண்ணப்பம் ஏற்கப்படுகிறது. இந்தக் கருவி ஏற்றுக்கொண்ட யாரையும் நான் தொடப்போவதில்லை. மறுத்தது தொண்ணூற்றாறு பேரை. அவர்களில் பலரைக் கப்பலேற்றியாகிவிட்டது." அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. "அத்தனை பேரையும் தேடிப் பிடித்துத் திரும்பக் கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது, டாக்டர்?"

"ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசவேண்டியதுதான். பலரை வைத்து, பல நாள்."

"வருடக்கணக்கில் ஆகும்."

"ஆகட்டும். எனக்கும் பதினெட்டு வருட வேலையை முதலிலிருந்து செய்யவேண்டியிருக்கிறது. நானும் வருகிறேன். நான் போட்ட கையெழுத்துதானே?"

கோமளம் தீர்ப்பைச் சொல்லி முடிப்பதற்குள் தவமலர் எழுந்து வாசல் பக்கம் ஓடினாள். வெளியே வராந்தாவில் அவள் கணவன் குகதாசன் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில், கோணலாக இரட்டைப் பின்னல் போட்ட ஒன்பது வயதுப் பிள்ளை. மற்றவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். அந்த மூன்று பேரும் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் காதில் விழவில்லை, விழவும் வேண்டாம்.

கால்மணி நேரம் கழித்துத் தவமலர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு செண்பகவல்லியிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"காலையிலருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்காம நிக்கீங்களேம்மா. ஏதாவது சாப்பிடுதீங்களா?"

"ஓம், நல்லாப் பசிக்குது. வாங்கோ, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் போவம்."

ரெஜினோல்ட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எந்தப் பேச்சு எந்த ஊர் என்று பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தான்.